கேட்டது கிடைக்காமலும் விளக்குக் கொளுத்தினவை எழுதுங்கோ

அடம்பன் அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். போன கிழமை இஞ்ச ஒரு தம்பி தன்ரை மகளின்ரை ஒப்பரேசன் நல்லபடி முடிஞ்சதைச் சாட்சியா எழுதியிருந்தார். வாசிக்க மனம் குளிர்ந்தது. அதுக்குக் கீழை ஒரு பிள்ளை, “நம்பினவையைக் கடவுள் கைவிடமாட்டார்” எண்டு எழுதியிருந்தா. அண்டைக்கு இரவு எனக்கு நித்திரை வரேல்லை. ஏனெண்டால் நானும் நம்பினனான், நான் கேட்டது கிடைக்கேல்லை. எண்டாலும் அந்தப் பிள்ளை எழுதினது பொய்யெண்டு என்னாலை சொல்லேலாது. அதுதான் எழுத வந்தனான்.

2008 தொடக்கத்திலை சண்டை கிட்டவர நாங்கள் அடம்பனாலை வெளிக்கிட்டு வெள்ளாங்குளம் பக்கம் வந்து கொட்டில் போட்டு இருந்தம். ஏப்ரலிலை மடு மாதாவின்ரை சுருவத்தைப் பாதர்மார் தேவன்பிட்டிக் கோயிலுக்குக் கொண்டுவந்திட்டினம் எண்டு கேள்விப்பட்டு, அவரும் நானும் சைக்கிளிலை பிள்ளையளை ஏத்திக்கொண்டு போனம். கோயில் வாசலிலை ஒரு ஆச்சி. தலையிலை ஒரு பொட்டலம், கையிலை ஒரு கோழி. உள்ளை போய்ச் சுருவத்தைப் பாத்தவுடனை, “என்ன தாயே, நீயும் வெளிக்கிட்டிட்டியே?” எண்டு வீட்டுக்கு வந்த சொந்தக்காரரைக் கேக்கிற மாதிரிக் கேட்டா. பக்கத்திலை நிண்ட சனம் எல்லாம் அழுதது. 1670இலை ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையிலை இருந்து காட்டுக்குள்ளை ஓடின சனம் தூக்கிக்கொண்டு வந்த சுருவமாம் அது. ஓடுறது அவவுக்குப் புதிசில்லை. ஓகஸ்டிலை அவ மடுவுக்குத் திரும்பிப் போயிட்டா. நாங்கள் மற்றப் பக்கம் போனம்: அக்கராயன், கிளிநொச்சி, தர்மபுரம், விசுவமடு, இரணைப்பாலை, மாத்தளன், வலைஞர்மடம். இந்தப் பெயருகளை வரிசையாச் சொல்லச் சொன்னால் வன்னியிலை பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும்.

வலைஞர்மடத்திலை கடற்கரை மணல். பங்கர் வெட்டினால் இடிஞ்சு விழும். சாக்கு இல்லை. எல்லாரும் சாறியைக் கிழிச்சுப் பை தைச்சு மண் நிரப்பி அடுக்கினது. நான் என்ரை கலியாணக் கூறையைக் கடைசி வரைக்கும் வைச்சிருந்தன். மாசியிலை அதையும் எடுத்தன். அவர் வேண்டாமெண்டார். “உடுக்கிறதுக்குத்தானே சீலை, உயிர் காக்கட்டும்” எண்டு நான்தான் கத்தரிச்சனான். மண்மூட்டையிலை சரிகைக்கரை வெய்யிலுக்கு மினுங்கினது இப்பவும் கண்ணுக்குள்ளை நிக்குது.

செபமாலை எங்கையோ அறுந்து போச்சு. அவர் தங்கூசி நூலிலை பத்து முடிச்சுப் போட்டுத் தந்தார். இரவிலை இருட்டுக்குள்ளை அதைத் தடவித் தடவித்தான் சொல்லுறது. நான் கேட்டது ஒண்டே ஒண்டு: நாலு பேரும் ஒண்டா வெளியிலை போகவேணும். வீடு கேக்கேல்லை, காணி கேக்கேல்லை.

சித்திரை வருசப்பிறப்புக்கு நாலு நாள் முன்னம், கஞ்சி குடுக்கினம் எண்டு வாளியோடை போனவர். வாளி திரும்பி வந்தது. ஆரோ ஒரு பொடியன் கொண்டுவந்து தந்தான். அவரை மணலிலை புதைக்கிறதுக்குச் சுத்தத் துணி இல்லை. பக்கத்துப் பங்கரிலை முள்ளியவளை ஐயா ஒருத்தர் இருந்தவர், சைவக்காரர். தன்ரை மாத்து வேட்டியைக் கொண்டுவந்து தந்தார். அந்த மனிசனிட்டை அதைவிட வேறை வேட்டி இல்லை. பிறகு மெனிக் பாம் முகாமிலை கண்டனான், சாறம் உடுத்துக்கொண்டு நிண்டவர்.

அண்டிரவு நான் செபமாலையைத் தொடேல்லை. மகனுக்கு ஏழு வயசு. அவன்தான் முடிச்சுக் கயித்தை எடுத்து அருள் நிறைந்த மந்திரத்தைத் தொடங்கினவன். “இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்” எண்ட இடத்திலை நிண்டிட்டான். “அம்மா, அதைச் சொல்லவோ, விடவோ?” எண்டு கேட்டான்.

“சொல்லு” எண்டன்.

அவன் சொல்லச் சொல்ல நானும் சொன்னன். அந்தக் கயித்தை விடாமல்தான் வைகாசி 17 வட்டுவாகல் பாலம் கடந்து வெளியிலை வந்தம். மூண்டு பேர்.

உங்களிலை ஆரும் கேட்டது கிடைக்காமலும் விளக்குக் கொளுத்தினவை இருந்தால் எழுதுங்கோ. கிடைச்ச கதையளுக்கு இஞ்ச வேறை இடம் இருக்கு.

முள்ளியவளையாள்:

அக்கா, நான் சைவம். எழுதலாம்தானே? நீங்கள் சொன்ன வேட்டி ஐயா எங்கடை ஊர் எண்டதாலை எழுதாமல் இருக்க ஏலேல்லை.

எங்கடை வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். முல்லைத்தீவுக் கடலிலை தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலிலை வைச்சு உப்புத் தண்ணியிலை விளக்கெரிப்பினம். பிறகு வைகாசித் திங்களிலை வற்றாப்பளையிலை பொங்கல். சின்னனிலை அம்மாவின்ரை இடுப்பிலை இருந்து அந்த விளக்கைப் பாத்தனான்.

என்ரை தம்பி 2009 வைகாசியிலை வட்டுவாகலிலை அம்மாவின்ரை கையாலை போனவன். விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டுதான் ஆமிக்காரர் கூட்டிக்கொண்டு போனவை. அம்மா அவன்ரை கையிலை ஒரு பிஸ்கற் பைக்கற் குடுத்து விட்டவ. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் வாசலிலை, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளைக் கேட்டுத் தாய்மார் குந்தின நாளிலை இருந்து அம்மாவும் அங்கை. ஏ9 றோட்டுப் புழுதியும் வெய்யிலும் பட்டு அவன்ரை படம் மூண்டு தரம் வெளிறிப் போச்சு. மூண்டு தரமும் கடையிலை குடுத்துப் புதிசா அடிச்சிருக்கிறம். அவனுக்கு இன்னும் 19 வயசு. அம்மாவோடை பக்கத்திலை குந்தியிருந்த தாய்மாரிலை சிலர் பிள்ளையைக் காணாமலே கண்ணை மூடிட்டினம்.

ஒவ்வொரு வைகாசியும் அம்மா பாற்செம்பு எடுக்கிறா. ஒருக்கால் எனக்குப் பொறுக்கேலாமல், “இவ்வளவு வருசமா எடுக்கிறியள், அம்மன் என்ன தந்தவ?” எண்டு கேட்டிட்டன். இப்பவும் அந்தக் கேள்விக்கு எனக்கு வெக்கம். அம்மா கோவிக்கேல்லை. “அம்மன் என்னை ஏமாத்தேல்லையடி. பதில் சொல்லாதது மனிசர். உப்புத் தண்ணியிலை விளக்கெரியிறதைக் கண்ணாலை கண்டனான், அவன் வாறதை மட்டும் நம்பக்கூடாதோ?” எண்டா.

என்ரை நம்பிக்கை அம்மாவின்ரை அளவுக்கு இல்லை. ஆனால் செம்பைத் தலையிலை வைக்கேக்கை நான்தான் பிடிச்சுவிடுறனான்.

கரைச்சிப் பொடியன்:

மன்னிச்சுக்கொள்ளுங்கோ, எனக்கு இது விளங்குதில்லை. நானும் அதுக்குள்ளாலைதான் வந்தனான். அப்பாவும் ரெண்டு அக்காமாரும் இல்லை. அடம்பன் அக்கா, நாலு பேரிலை மூண்டு பேரைக் காப்பாத்தினவர் கடவுள் எண்டால் நாலாவதாளை ஏன் விட்டவர்? நான் கோயிலுக்குப் போறதை விட்டுப் பத்து வருசத்துக்கு மேலை. உங்களை நோகடிக்கக் கேக்கேல்லை.

அடம்பன் அக்கா:

தம்பி, நோகேல்லை. இதை நான் அந்தப் பங்கருக்குள்ளையே கேட்டனான். பதில் வரேல்லை, இண்டைக்கும் வரேல்லை. ஆரும் உங்களுக்குப் பதில் வைச்சிருக்கிறன் எண்டு வந்தால் நம்பாதேங்கோ.

ஒண்டு மட்டும் சொல்லுறன். மூண்டு பேரைக் காப்பாத்தினவர், ஒராளை விட்டவர் எண்டு நான் கணக்குப் பாக்கிறேல்லை. அவரையும் கடவுள் விடேல்லை எண்டுதான் நம்பிக்கொண்டு இருக்கிறன். அந்த மணலிலை நான் விட்டிட்டு வந்தனான், கடவுளும் விட்டிட்டு வந்திருப்பார் எண்டு என்னாலை நினைக்கேலாது. இந்த நம்பிக்கை இல்லாட்டி எனக்கு விடிஞ்சு எழும்பேலாது தம்பி. உங்கடை அக்காமாருக்காகவும் அப்பாவுக்காகவும் இண்டிரவு செபமாலையிலை ஒரு பத்து சொல்லுறன். வேண்டாமெண்டு சொல்லாதேங்கோ.

முல்லைக் கடலான்:

எனக்கு எழுத்து வராது, மகன் தட்டுறான். 2004 மார்கழி 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த அண்டைக்கு. நத்தாருக்கு அடுத்த நாள். மனிசியும் சின்ன மகளும் போட்டினம். மூத்தவன் மட்டும் ஒரு பனையைப் பிடிச்சுத் தப்பினவன்.

அதுக்குப் பிறகு நான் பூசைக்குப் போகேல்லை. ஒரு பாதர் இருந்தவர். சனிக்கிழமை பின்னேரத்திலை என்ரை வாடிக்கு வருவார். வந்து வலையிலை சிக்கின பாசியைக் கழட்டித் தருவார். அவருக்கு அந்த வேலை வராது, கண்ணியைப் பிய்ச்சுப்போடுவார். நான் ஒண்டும் சொல்லுறேல்லை. அவரும் கடவுளைப் பற்றி ஒரு சொல்லுக் கதைக்கிறேல்லை. கோயிலுக்கு ஏன் வாறேல்லை எண்டு ஒருநாளும் கேட்டதில்லை. இப்பிடி ரெண்டு வருசம். பிளேன்ரீ குடிச்சுப்போட்டு இருட்டப் போவார்.

ஒருநாள் நான்தான் கேட்டன்: “பாதர், நாளைக்குப் பூசை எத்தினை மணிக்கு?”

“வழமை போல ஆறரைக்கு” எண்டார், வலையிலை இருந்து தலையை நிமித்தாமல்.

போனன். கடைசி வாங்கிலை இருந்தன். அவ்வளவுதான் என்ரை கதை. என்ரை ஆக்கள் திரும்பி வரேல்லை. ஆனால் ரெண்டு வருசம் சனிக்கிழமை தவறாமல் என்ரை வாடியிலை வந்து குந்தினது அந்த மனிசன் மட்டும் இல்லை எண்டு நான் நம்புறன்.

விசுவமடுத் தங்கச்சி:

எல்லாரும் இறந்தவையைப் பற்றி எழுதியிருக்கிறியள். என்ரை கதை அதுக்குப் பக்கத்திலை சின்னன்தான். இதுவும் நொந்தது எண்டதாலை எழுதுறன்.

2009இலை எனக்கு 16 வயசு. வலக்கால் முழங்காலுக்குக் கீழை இல்லை. பொய்க்காலோடை நடக்கப் பழகி, தையல் பழகி, ஒரு சின்னக் கடையும் போட்டன். 2016இலை ஒருத்தர் விரும்பிக் கேட்டார். காலைப் பற்றி நான் முதல் நாளே சொன்னனான். “நீ எனக்கு முழுசாத்தான் தெரியுறாய்” எண்டார். அந்தச் சொல்லிலை நான் ஒரு வருசம் உயிர் வாழ்ந்தனான். பிறகு வெளிநாடு போனார். முதலிலை நாளுக்கு ரெண்டு தரம் கோல், பிறகு கிழமைக்கு ஒண்டு, பிறகு நம்பரே மாறிட்டுது. அவற்ரை அம்மா ஆளனுப்பி நான் குடுத்த சங்கிலியைத் திருப்பித் தந்தா. அந்தச் சங்கிலியை வாங்கேக்கை, செல்லடி பட்ட நேரத்திலும் நான் அப்பிடி அழுததில்லை.

அந்த ஆவணி மடுத் திருநாளுக்குப் போனன். கும்பிட இல்லை, சண்டை பிடிக்க. மடு றோட்டிலை இருந்து காட்டுவழியாலை நடந்தன். நடக்கக் கூடாது எண்டு டொக்டர் சொல்லியிருந்தவர். போய்ச் சேர முன்னமே தோல் உரிஞ்சு ரத்தம். கோயில் வெளியிலை மரத்துக்குக் கீழை இருந்து பொய்க்காலைக் கழட்டிப்போட்டு, “இதைத்தான் தந்தனி, இதையும் நீயே வைச்சிரு” எண்டு மாதாவுக்குச் சொன்னன்.

பக்கத்துக் கூடாரத்திலை ஒரு சிங்களக் குடும்பம். ஒரு வயசான அம்மா எழும்பி வந்தா. ஒண்டும் கேக்கேல்லை. போத்திலிலை இருந்த தண்ணியாலை என்ரை காலைக் கழுவி, தன்ரை சீத்தைத் துணியாலை ஒத்தி, காயம் படாத இடமாப் பாத்துச் சித்தாலேபக் களிம்பு பூசினா. எனக்குச் சிங்களம் தெரியாது, அவவுக்குத் தமிழ் தெரியாது. “துவ, துவ” எண்டு சொல்லிக்கொண்டே பூசினா. அந்தச் சொல்லுக்கு மகள் எண்டு அர்த்தம், அது மட்டும் எனக்குத் தெரியும். போகேக்கை கோயில் மண் கொஞ்சம் ஒரு கடதாசியிலை மடிச்சு என்ரை கைக்குள்ளை வைச்சா.

அவர் திரும்பி வரேல்லை. எனக்கு இன்னும் கலியாணம் ஆகேல்லை. அந்தக் கடதாசி தையல் மெசின் லாச்சிக்குள்ளை கிடக்கு. ஆவணிக்கு ஒவ்வொரு வருசமும் போறன், பஸ்ஸிலை. அந்த அம்மாவைப் பிறகு காணேல்லை. அதே மரத்தடியிலைதான் போய் இருக்கிறன்.

அடம்பன் அக்கா:

தங்கச்சி, உங்கடை கதை சின்னன் இல்லை. இனி அப்பிடி எழுதாதேங்கோ. முல்லை அண்ணை, அந்தப் பாதர் கண்ணியைப் பிய்ச்சதை வாசிச்சு என்ரை மகன் கன நேரம் சிரிச்சான். பிறகு எழும்பி வெளியிலை போயிட்டான். முள்ளியவளைத் தங்கச்சி, அந்த வேட்டி ஐயாவின்ரை ஆக்கள் ஆரும் ஊரிலை இருந்தால் எனக்கு உள்பெட்டியிலை எழுதுங்கோ. ஒரு வேட்டி வாங்கி வைச்சிருக்கிறன், கன வருசமா.

கரைச்சித் தம்பி, வாற வைகாசி 18ஆம் திகதி வீட்டிலை கஞ்சி காய்ச்சுவம். அரிசியும் தண்ணியும் உப்பும் மட்டும்தான், அண்டைக்குக் குடிச்ச மாதிரி. வீடு கிளிநொச்சியிலை, கரைச்சியிலை இருந்து உங்களுக்குக் கிட்டத்தானே. நம்பினால்தான் வரவேணும் எண்டில்லை. அப்பாவின்ரையும் அக்காமாரின்ரையும் பேரைச் சொல்லுங்கோ, மூண்டு சிரட்டை கூட எடுத்து வைக்கிறன்.