மறு: 'போதைக்குழந்தை' வேண்டாமே

> 'போதைக்குழந்தை' சுருக்கமாக இருக்கிறது, மக்களுக்கும் எளிதில் புரியும்.

ஐயா, வணக்கம். தாய் எடுத்த கொக்கெய்ன், கஃபீன் போன்றவை (ஆங்கிலத்தில் 'ஸ்டிமுலன்ட்') கருவிலோ தாய்ப்பாலிலோ குழந்தையை எட்டுவதைக் குறிக்க, நம் கலைச்சொல் பட்டியலுக்கு ஒரு சொல் தேடுகிறோம். அதற்கு நீங்கள் சொன்னது 'போதைக்குழந்தை'.

சுருக்கம் சரிதான். ஆனால் இதே வார்ப்பில் 'கிராக் பேபி' ('கிராக்' என்பது புகைக்கும் வகைக் கொக்கெய்ன்) என்று அமெரிக்கப் பத்திரிகைகள் கிளப்பிவிட்டது போதாதா? 1985இல் ஐரா சாஸ்னாஃப் என்ற அமெரிக்க மருத்துவர் கொக்கெய்ன் எடுத்த 23 பெண்களை வைத்து எழுதிய ஒரு சின்ன ஆய்வுக்குப் பிறகு, ஒரு தலைமுறையே மூளை கெட்டுப் பிறக்கிறது என்ற பீதி கிளம்பியது. பிலடெல்பியாவில் ஹாலம் ஹர்ட் குழுவினர் 1989 தொடங்கி 224 குழந்தைகளைச் சேர்த்து, அவர்கள் வளர வளரத் தொடர்ந்து பார்த்தார்கள். நான்கு வயதில் நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.), கருவில் கொக்கெய்ன் பட்டவர்களுக்குச் சராசரி 79, படாதவர்களுக்கு 82. இரு தரப்புமே ஏழை வீட்டுப் பிள்ளைகள், இரு தரப்புமே பின்தங்கித்தான் இருந்தார்கள். 2004இல் மருத்துவர்களும் ஆய்வாளர்களும் கூட்டாகக் கடிதம் எழுதி, அந்தச் சொல்லையே கைவிடுங்கள் என்று ஊடகங்களைக் கேட்டுக்கொண்டார்கள்.

அதற்காகப் பாதிப்பே இல்லை என்று சொல்லவில்லை. கொக்கெய்ன் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்தம் குறையும். குறைப்பிரசவம், எடைக்குறைவு, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிதல் எல்லாம் வரலாம். மெத்தாம்ஃபெட்டமின் என்ற இன்னொரு ஸ்டிமுலன்டிலும் குழந்தை வளர்ச்சி குன்றிப் பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் பிறந்த குழந்தை எதற்கும் 'அடிமை' ஆகாது. அபின் வகை மருந்துகளில், பிறந்ததும் மருந்து நின்றுபோவதால் குழந்தைக்கு வரும் விடுபடு அறிகுறிகள் வேறு கதை, அதற்குத் தனிச்சொல் வேண்டும்.

அப்புறம் 'ஸ்டிமுலன்ட்' என்பதற்கு 'ஊக்கமருந்து' என்ற சொல். அதை விளையாட்டுப் பக்கம் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது, ஸ்டீராய்டு வரைக்கும் அதில் அடக்கம். காபியில் இருக்கும் கஃபீனும் நம் சொல்லுக்குள் வந்தாக வேண்டும். குறைமாதக் குழந்தை சில நேரம் இருபது நொடிக்கும் மேல் மூச்சை நிறுத்திவிடும். அப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் கஃபீனைத்தான் மருந்தாகக் கொடுக்கிறார்கள். பெரியவர் உடலில் சில மணி நேரத்தில் பாதியாகும் அது, பச்சிளங்குழந்தையிடம் மூன்று நான்கு நாள் எடுக்கும். இதைப் 'போதை' என்று எப்படி எழுதுவது? ஆகவே 'தூண்டுபொருள்'.

அடுத்த பகுதியான 'எக்ஸ்போஷர்' என்பதற்கு 'வெளிப்பாடு' என்று ஒருவர் எழுதியிருந்தார். மரபணு செயல்படுவதை ஏற்கனவே அப்படிச் சொல்லும் மரபணுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். 'பாதிப்பு' என்றால் ஆய்வு தொடங்கும் முன்பே தீர்ப்பு. வெயில் படுகிறது, பனி படுகிறது என்கிறோமே, அந்தப் 'படுதல்' போதும். பட்டதனால் என்ன ஆயிற்று என்பதை அது முன்கூட்டிச் சொல்வதில்லை.

என் பரிந்துரை: கருக்காலத் தூண்டுபொருள் படுதல், தாய்ப்பால் மூலம் என்றால், பால்வழித் தூண்டுபொருள் படுதல். குழந்தையைக் குறிக்க, 'தூண்டுபொருள் பட்ட குழந்தை'. 'படல்' என்று சுருக்கலாம்தான், ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் அது ஓலைத் தட்டி. அதனால் 'படுதல்' என்றே இருக்கட்டும். பட்டியலில் ஏற்றும் முன் குழந்தை மருத்துவர் யாராவது ஒரு பார்வை பார்த்துவிட்டால் நல்லது.