ஹாஸ்டல் வாசலில் ஸ்நாக்ஸ் மெஷின்: மாற்றாக மாணவர்களே கடை போட முடியுமா?

இசிஇ_செகண்ட்_இயர்

கோவைப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ். இந்த செமஸ்டரில் மெயின் பிளாக் கீழே ஒன்று, ஹாஸ்டல் வாசலில் ஒன்று என்று ஸ்நாக்ஸ் மெஷின் வைத்துவிட்டார்கள். க்யூஆர் ஸ்கேன் பண்ணினால் சிப்ஸ், கோலா, க்ரீம் பிஸ்கட் விழும். அது வந்த கையோடு, பின் கேட்டில் சுண்டலும் மாங்காயும் விற்றுக்கொண்டிருந்த பாட்டியை உள்ளே விடுவதில்லை. கேட்டால் 'சுகாதாரம்' என்கிறார்கள்.

நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து சின்னதாக ஒரு கடை போடலாம் என்று நினைக்கிறோம். மோர், சுண்டல், பழம், கடலை மிட்டாய், அவ்வளவுதான். அனுமதி யாரிடம் கேட்பது? லைசென்ஸ் வேண்டுமா? விலை கட்டுமா? அதைவிடப் பெரிய சிக்கல், ராத்திரி 11 மணிக்குப் பசித்தால் எங்கள் கடை மூடியிருக்கும், மெஷின் திறந்திருக்கும்.

கோலிசோடா_குமார்

எதுக்கு ப்ரோ கடை கிடை எல்லாம்? மொத்தமா பாய்காட் பண்ணுங்க. ஜல்லிக்கட்டுப் போராட்ட நேரத்துல கோக், பெப்சியை அப்படிப் பண்ணலையா?

தாமிரபரணிக்காரி

குமார் தம்பி, அந்த நேரத்தில் நான் திருநெல்வேலியில் பி.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன். கங்கைகொண்டான் சிப்காட்டில் கோலா கம்பெனிக்கு ஆற்றுத்தண்ணீர் போகிறது என்று எங்கள் ஊரில் ஏற்கெனவே கொதிப்பு. வணிகர் சங்கங்கள் 2017 மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்கமாட்டோம் என்று அறிவித்ததும் எங்கள் கேன்டீன் ஃப்ரிட்ஜில் பொவன்டோவும் பன்னீர் சோடாவும் வந்து உட்கார்ந்தன. பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. அடுத்த கோடைக்குள் பழைய பாட்டில்கள் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டன. கோபம் ஒரு பருவம்தான் நிற்கும். வெயிலில் தாகம் தினமும் வரும்.

அதற்கப்புறம்தான் எங்கள் வகுப்புப் பெண்கள் சேர்ந்து மரத்தடியில் மோர்க்கடை போட்டோம். கணக்கைச் சொல்கிறேன், உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தயிரில் மூன்று லிட்டர் தண்ணீர் சேர்த்தால் 200 மில்லி டம்ளரில் 20 டம்ளர் வரும். இஞ்சி, கறிவேப்பிலை, உப்பு எல்லாம் சேர்த்தாலும் இன்றைய விலையில் டம்ளர் நாலைந்து ரூபாயில் முடியும். பத்து ரூபாய்க்கு விற்கலாம். ஒரு கிலோ கொண்டைக்கடலை ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும், நூறு கிராம் வீதம் 20 கப். தேங்காய், எண்ணெய், கேஸ் எல்லாம் போட்டும் கப் ஏழெட்டு ரூபாய்தான் அடக்கம், பதினைந்துக்குக் கொடுக்கலாம். விலையில் மெஷின் உங்கள் பக்கத்திலேயே வராது.

சிக்கல் வேறு இடத்தில். இன்டர்னல் பரீட்சை வந்தால் கடலை ஊறப்போட ஆள் இருக்காது. ஃபைனல் இயர் போனதும் தயிர்க்காரர் நம்பர்கூட யாரிடமும் இருக்காது. அதனால் முதல் வருடப் பிள்ளைகள் இரண்டு பேரை இப்போதே சேருங்கள். கணக்கு நோட்டு அவர்கள் கையில் இருக்கட்டும். க்யூஆர் எவனோ ஒருத்தனுடைய சொந்த அக்கவுண்டில் போகக்கூடாது. நட்பு கெடுவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

அனுமதிக்கு: காலேஜில் தொழில்முனைவோர் மையம் இருக்கும், அதன் பொறுப்பு சாரைப் பிடியுங்கள். கல்லூரி வளாகங்களில் ஜங்க் ஃபுட் விற்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2016 நவம்பரில் ஒரு சுற்றறிக்கை விட்டது, 2018இல் மறுபடி நினைவூட்டியது. அதை மனுவோடு இணையுங்கள். ஆனால் 'மெஷினை எடு' என்று எழுதாதீர்கள். 'எங்களுக்கு ஒரு மேசையும் ஒரு மணி நேரமும் கொடுங்கள்' என்று எழுதுங்கள். மெஷின் தானாகத் தூசி படியட்டும்.

பாட்டி விஷயம். சுகாதாரம்தான் காரணம் என்றால் அவர் பெயரில் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு போட்டுவிடுங்கள். சிறு வியாபாரிக்கு லைசென்ஸ் வேண்டாம், பதிவு போதும். எங்கள் காலத்தில் ஆண்டுக்கு 100 ரூபாய், ஆன்லைனில் முடிந்தது. போட்டோவும் ஆதாரும் நீங்கள் ஏற்றிக்கொடுங்கள். சுண்டலை அவர் செய்யட்டும், உங்களைவிட நன்றாகவே செய்வார். இன்டர்னல் நாளில் ஊறப்போடும் பிரச்சினையும் தீர்ந்தது.

ஏஜென்சி_அண்ணாச்சி

குளிர்பான ஏஜென்சி எடுத்து நடத்தியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கடைகளுக்குக் கம்பெனி ஃப்ரிட்ஜ் சும்மா கொடுக்கும், ஆனால் அதில் அவங்க சரக்குதான் இருக்கணும். வேற பாட்டில் இருந்தா சேல்ஸ்மேன் வந்து முகம் சுளிப்பான். மெஷின் கதையும் கிட்டத்தட்ட அதேதான். வைக்கிறவன் காலேஜுக்கு வாடகையோ கமிஷனோ கொடுக்கிறான். அந்த ஒப்பந்தத்தில் 'வளாகத்தில் வேறு யாரும் பானம் விற்கக்கூடாது' என்று ஒரு வரி இருக்கா என்று முதலில் விசாரிங்க. இருந்தால் பாட்டில் சரக்கைத் தொடாதீங்க. வாளியில் கொண்டுவரும் மோரை எதிர்த்து எந்த கம்பெனியும் சண்டைக்கு வரமாட்டான்.

இன்னொன்று. கலெக்டர் ஆபீஸில் மகளிர் திட்ட அலுவலகம் இருக்கு. சுய உதவிக்குழுப் பொருட்களைக் காலேஜ்களுக்குள் விற்க 'கல்லூரிச் சந்தை' என்று அவங்களே நடத்துறாங்க. முறுக்கு, கடலை மிட்டாய், தினை லட்டு எல்லாம் வரும். பிரின்சிபாலுக்கும் அரசுத் திட்டம் என்றால் கையெழுத்துப் போடத் தயக்கம் இருக்காது.

ஆம்ஹர்ஸ்ட்_தமிழன்

இங்கே அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலையில் மாணவர்களே நடத்தும் கடை 1973 முதல் ஓடுகிறது, பெயர் பீப்பிள்ஸ் மார்க்கெட். 1976இல் எர்த்ஃபுட்ஸ் என்று சைவ உணவகமும் வந்தது. முதலாளி கிடையாது, வேலை செய்கிறவர்களே கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். கூட்டம் முடிய நேரமாகும், அது வேறு விஷயம்.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலையில் 2009இல் ஒரு பெரிய துரித உணவுச் சங்கிலி வளாகத்துக்குள் வரப்போகிறது என்று எதிர்த்த மாணவர்கள், அடுத்த ஆண்டே வளாகத்துக்கு எதிரில் சொந்தமாக மளிகைக்கடை திறந்தார்கள். அதே சமயம் மேரிலாண்ட் பல்கலையில் எழுபதுகளில் சாண்ட்விச் விற்று ஆரம்பித்த கூட்டுறவுக் கடை, நாற்பது வருடத்துக்கு மேல் ஓடியும் கடன் ஏறி 2019இல் மூடியது. அதனால் இடத்துக்கு வாடகை கேட்டால் ஒத்துக்கொள்ளும் முன் பத்து முறை யோசியுங்கள்.

குமாருக்கு: மிச்சிகன் பல்கலை 2005 கடைசியில் கோக் வாங்குவதை நிறுத்தியது. 2006 ஏப்ரலில் மறுபடி வாங்க ஆரம்பித்துவிட்டது.

இசிஇ_செகண்ட்_இயர்

எல்லாருக்கும் நன்றி. மைய சார் மேசைக்கு ஓகே சொல்லிவிட்டார், மதியம் 12.30 முதல் 1.30 வரை. பாட்டியின் பேரனிடமும் பேசிவிட்டேன். அக்கா, ராத்திரிக்கு என்ன செய்வது?

தாமிரபரணிக்காரி

ராத்திரிக்கு ஆளில்லாத அலமாரி. கடலை மிட்டாய், எள்ளுருண்டை, வாழைப்பழம், பக்கத்தில் உண்டியலும் மையத்தின் க்யூஆரும். எங்கள் ஹாஸ்டலில் முதலில் வாசலில் வைத்தோம், காசு குறைந்துகொண்டே வந்தது. மாடிக்கு ஒன்றாகப் பிரித்து வைத்ததும் ஏறக்குறைய சரியாகிவிட்டது. அந்த மாடியில் யார் தின்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியுமே. கொஞ்சம் குறையும்தான், அதை விலையிலேயே சேர்த்துவிடுங்கள். பழத்தை இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் வையுங்கள், மதியமே வைத்தால் கொசுதான் தின்னும். வார்டனிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், வாய்வார்த்தை அடுத்த வார்டன் வரும்வரைதான்.

டம்ளர் எவர்சில்வரில் வாங்குங்கள். பிளாஸ்டிக் கப் 2019 முதலே தடை. ஆனால் டம்ளரில் காலேஜ் பெயரை வெட்டி வாங்குங்கள், இல்லாவிட்டால் மாதக்கடைசியில் பாதி டம்ளர் ரூம்களில் பிரஷ் ஸ்டாண்டாக இருக்கும்.

இசிஇ_செகண்ட்_இயர்

பெயர் வெட்ட டம்ளருக்கு எவ்வளவு ஆகும்?

ஏஜென்சி_அண்ணாச்சி

பாத்திரக்கடையில் மொத்தமா வாங்கினா சும்மாவே வெட்டித் தருவான். கேட்டு வாங்கு.