கலைச்சொல் விவாதம்: பிலிம் 'கழுவுதல்' என்பதில் எது கழுவல், எது துலக்கல்?

வடசேரியிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். 35 மி.மீ. கறுப்பு வெள்ளை பிலிம் ரோலை வீட்டிலேயே டாங்க் (வெளிச்சம் புகாத மூடிய பாத்திரம்) வைத்து டெவலப் செய்து பார்க்க, அதாவது எடுத்த படத்தை மருந்து ஊற்றித் தெரியவைக்க, ஒரு செய்முறைத் தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். படிக்கப்போகிறவர்கள் போன் காமிராவில் படம் எடுத்துப் பழகியவர்கள். வீட்டுப் பரணில் கிடந்த பழைய காமிராவைத் துடைத்து எடுத்து, ஒரு ரோல் வாங்கிப் போட்டிருப்பவர்கள். தாள் முதல் வரியிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறது. 'டெவலப்' என்பதற்கு என்ன எழுதுவது?

ஸ்டுடியோவில் எல்லோரும் 'பிலிம் கழுவணும்' என்றுதான் சொல்கிறோம். ஆனால் செய்முறையில் கடைசிப் படியும் கழுவுதல்தானே, வெறும் தண்ணீரில்? இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் ஆபத்து. முதல் கழுவலில் ஒரு நிமிடம் கூடினால் நெகடிவ் அடர்ந்து வானமெல்லாம் அடைத்துப்போகும். கடைசிக் கழுவலில் பத்து நிமிடம் கூடினாலும் ஒன்றும் ஆகாது. எந்த இடத்தில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், எந்த இடத்தில் வேண்டாம் என்று சொல்லே காட்டிக்கொடுக்க வேண்டும்.

அந்த மருந்தின் பெயரான 'டெவலப்பரை'க் கணினி மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன். 'மேம்படுத்துநர்' என்று வந்தது. பாட்டிலுக்குள் ஒரு மென்பொருள் பொறியாளர் உட்கார்ந்திருக்கிறார் போலும். 'வளர்த்தல்' என்று ஒருவர் சொன்னார். வாழைக்கன்று நினைவுதான் வருகிறது. சொல்லுங்கள்.

கோட்டாறிலிருந்து

மக்கா, கழுவுததுன்னே வச்சிருங்க. கடைக்கு வருதவன் 'அண்ணாச்சி, இத கழுவித் தாங்க'ன்னுதான் கேப்பான். புதுச் சொல்லைப் போட்டா அவனுக்கும் புரியாது, கடைக்காரனுக்கும் புரியாது. நேரம் கூடுத குறையுத சங்கதிய தாள்ல எழுதித்தானே வைக்கப் போறிய?

ஒண்ணு மட்டும் பெருசா போடுங்க. சிவப்பு வெட்டத்துல, அதான் வெளிச்சத்துல, பிலிம் கழுவலாம்னு சினிமா பாத்துட்டு நெனச்சிட்டு இருக்கானுவ. அந்தச் சிவப்பு பல்பு பிரிண்ட் போடுத பேப்பருக்கு. இப்ப கிடைக்கிற பிலிம் பெரும்பாலும் எல்லா நிறத்துக்கும் மசியும், சிவப்புக்கும் மசியும். ரோலைத் தொறந்து ரீல்ல, அதான் டாங்குக்குள்ள பிலிமைச் சுத்தி வைக்குத சக்கரத்துல, ஏத்துதது முழு இருட்டுல, இல்லன்னா கைவிட்டுச் செய்யுத கறுப்புப் பைக்குள்ள. டாங்க் மூடியாச்சுன்னா பொறவு வெட்டத்துல வச்சே செய்யலாம். டாங்குக்கு நடுவுல ஒரு குழல் வருமுல்லா, அதப் போடாம மூடுனா மூடி வழியா வெட்டம் நேரே உள்ள கேறிரும். ரீலைப் போட்டாச்சு, மூடியாச்சு, குழல் மட்டும் மேசையில கிடக்கு. இதுதான் முதல் தடவை நடக்குத தப்பு.

தக்கலையிலிருந்து

கோட்டாறு அண்ணாச்சி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மொத்த வேலைக்கும் 'கழுவுதல்' என்றே இருக்கட்டும். கடையில் கேட்கும் சொல்லை நாம் ஏன் பிடுங்க வேண்டும்? உள்ளே நடக்கும் படிகளுக்குத்தான் தனிப் பெயர் தேவை.

முதல் படிக்கு என் பரிந்துரை துலக்கல், திரவத்துக்குத் துலக்கி. பல் துலக்குகிறோம், பாத்திரம் துலக்குகிறோம். தேய்த்து அழுக்கு போக்கும் பொருள் அதில் இருக்கிறது. 'துலங்குதல்' என்றால் தெளிவாகத் தெரிய வருதல். பிலிமில் நடப்பது இந்த இரண்டாவது பொருள். ஜெலட்டினுக்குள் வெள்ளி உப்புத் துகள்கள் இருக்கின்றன. ஷட்டர் திறந்த நொடியில் ஒளி பட்ட துகளில் மிகச் சில வெள்ளி அணுக்கள் மட்டும் உருவாகும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் படம் அதில் இருக்கிறது. துலக்கி அந்தத் துகள்களைத் தேடிப்பிடித்து முழுவதும் வெள்ளியாக மாற்றுகிறது. ஒளி படாததை அநேகமாகத் தொடாமல் விட்டுவிடுகிறது. அதிக நேரம் விட்டால் ஒளி படாததையும் தொட ஆரம்பிக்கும். அதுதான் மூட்டம்.

'உருத்துலக்கல்' என்று நீட்ட வேண்டியதில்லை. தாளில் பத்து இடத்தில் வரும் சொல் நான்கைந்து எழுத்தில் இருந்தால்தான் வாயில் நிற்கும்.

'துலங்கு' கிடைத்தால் இன்னொரு லாபம், பழுது பார்க்கும்போது கைகொடுக்கும். பிலிமின் ஓரத்தில், காமிராவின் பற்சக்கரம் மாட்டும் பல் துளைகளுக்கு அருகே, பிலிமின் பெயரும் படங்களின் எண்ணும் தொழிற்சாலையிலேயே ஒளியால் பதித்திருக்கும். இதை விளிம்பெழுத்து என்போம். ரோல் முழுக்க வெறுமையாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். விளிம்பெழுத்து நன்றாகத் துலங்கி, படங்கள் மட்டும் இல்லையா? துலக்கியில் குறை இல்லை. காமிராவில் பிலிம் பல்லில் மாட்டாமல் ஓடாமலே இருந்திருக்கிறது. விளிம்பெழுத்தும் துலங்கவில்லையா? துலக்கி செத்துப்போனது, அல்லது துலக்கிக்கு முன்னால், பின்னால் ஊற்ற வேண்டிய நிலைப்பியை ('பிக்ஸர்') ஊற்றிவிட்டார்கள். பின்னதற்கு மருந்தே கிடையாது. எழுத்தும் சரி, படமும் இருக்கிறது, ஆனால் ஓரத்திலிருந்து உள்ளே கறுப்புத் தீற்றல் துளைகளையும் தாண்டி வருகிறதா? அது காமிராவின் பின்மூடி வழியாகவோ ரோல் டப்பியின் வாய் வழியாகவோ வந்த வெட்டம்.

'எக்ஸ்போஷருக்கு' வெளிப்பாடு என்று எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். வெளிப்பாடு என்றால் மனத்தில் உள்ளது வெளியே வருவது. இங்கே வெளியே உள்ளது உள்ளே போகிறது. 'ஒளிபடல்' போதும்.

குலசேகரத்திலிருந்து

துலக்கலுக்கு என் ஓட்டு. அடுத்த இரண்டு குப்பிகளைப் பற்றி.

'ஸ்டாப் பாத்' இங்கே விளக்க எளிது. ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றினால் உறைகிறது. எவ்வளவு நேரம், எவ்வளவு ஆசிட் என்பது ரப்பர் ஷீட் போடுகிற எல்லோருக்கும் கைப்பழக்கம். பிலிமிலும் அமிலம்தான் வேலையை நிறுத்துகிறது: துலக்கி காரத்தில்தான் உழைக்கும், அமிலம் பட்டதும் அடங்கிவிடும். ஆகவே நிறுத்துநீர். 10 நொடி போதும்.

ஒப்புமை இங்கேயே நிற்கட்டும். ஷெட்டில் இருக்கும் பார்மிக் ஆசிட்டை யாரும் டாங்கில் ஊற்றக் கூடாது. தோலை வேகவைக்கும், ஆவி கண்ணை எரிக்கும். கடை வினிகரில் அசிட்டிக் அமிலம் சுமார் 4 முதல் 5 விழுக்காடு. ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்தால் தேவையான பதம் வரும். அதுவும் இல்லையென்றால் வெறும் தண்ணீரை இரண்டு மூன்று முறை நிரப்பிக் கொட்டினாலும் பிலிமுக்குப் போதும்.

இனி 'பிக்ஸர்'. நிலைப்பி என்று எழுதலாம், ஆனால் ஒரு சங்கடம். கைத்தறியில் சாயத்தை நிலைக்க வைப்பதுபோல எதையோ ஒட்டவைக்கிறது என்று நினைப்பார்கள். உண்மையில் இது எடுத்துவிடுகிறது: துலங்காமல் மிச்சம் நின்ற வெள்ளி உப்பைக் கரைத்து வெளியேற்றுகிறது. அது போனால்தான் படத்தை வெளிச்சத்தில் பார்க்க முடியும். பால் நிறத்தில் இருக்கும் பிலிம் இதில்தான் கண்ணாடிபோல் தெளியும்.

நிலைப்பி உப்புக்கு ஸ்டுடியோவில் சொல்லும் 'ஹைப்போ' என்ற பெயரையே விடலாமே என்பீர்கள். ஆங்கிலத்திலேயே அது தவறான பெயர். ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1819இல் இந்த உப்பு வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்று கண்டார்; அன்று அதை ஹைப்போசல்பைட் என்றார்கள். பிறகு வேதியியலில் அது தயோசல்பேட் ஆனது, ஸ்டுடியோவில் ஹைப்போ நின்றுவிட்டது. போட்டோகிராபி, நெகடிவ், பாசிடிவ் என்ற சொற்களைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. நம்மைப்போலச் சொல்லுக்கு உட்கார்ந்தவர்தான்.

எனக்குக் கவலை வேறு. ஹைப்போ என்று கேட்டு வாங்கினால் சோடியம் தயோசல்பேட் படிகம் வரும். இப்போது குப்பியில் வரும் வேக நிலைப்பிகள் அம்மோனியம் தயோசல்பேட். 2 முதல் 5 நிமிடத்தில் முடிக்கும். படிகத்துக்கு இதைவிட நேரம் கூடும். தாளில் ஒன்றின் நேரத்தைப் போட்டு இன்னொன்றின் பெயரை எழுதினால் பிலிம் பால்பூத்து வரும்.

வடசேரியிலிருந்து

அப்படியானால் நேரத்தை எழுதாமல் சோதனையை எழுதிவிடலாமா? ரோலின் முனையில் வெட்டி எறியும் நாக்குத் துண்டை வெளிச்சத்தில் வைத்தே நிலைப்பியில் போட்டு, தெளிய எத்தனை நொடி என்று எண்ணுவது. அது தெளிநேரம். அதன் இரண்டு மடங்கு நிலைப்பியில் விட வேண்டும். புது நிலைப்பியில் ஆன தெளிநேரம் பின்னொரு நாள் இரட்டித்தால் குப்பி தீர்ந்தது. எந்த உப்பாக இருந்தாலும் இது பொருந்தும்.

குலசேகரத்திலிருந்து

பொருந்தும். 'தெளிநேரம்' நல்ல சொல். தீர்ந்த நிலைப்பியில் வெள்ளி கரைந்திருக்கிறது. கிணற்றடியிலோ தென்னைமூட்டிலோ குளத்திலோ கொட்டக் கூடாது என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

குளச்சலிலிருந்து

வடசேரி அக்காவுக்கு: டாங்கை ஆட்டித் திரவத்தை அசைத்துக்கொடுக்கும் 'அஜிடேஷனை' என்ன செய்தீர்கள்? அகராதியில் கிளர்ச்சி என்று இருக்கிறது. டாங்குக்குள் உண்ணாவிரதம் வேண்டாம்.

'குலுக்குதல்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். குலுக்கச் சொன்னால் இருமல் மருந்துக் குப்பியைக் குலுக்குவதுபோல் குலுக்குவார்கள். நுரை கட்டும், குமிழி பிலிமில் ஒட்டிய இடத்தில் துலக்கி படாமல் வட்டவட்டமாக வெளிறிய புள்ளி நிற்கும். வேகமாக ஆட்டினால் பல் துளைகள் வழியாகத் துலக்கி பீறிட்டு, துளைக்கு நேராகப் படத்தின் ஓரத்தில் கோடு கோடாக அடர்ந்துவிடும்.

என் சொல் கவிழ்ப்பு. டாங்கை இரு கையாலும் பிடித்து, மூடி தரையைப் பார்க்கும்வரை திருப்பி, உள்ளே திரவம் 'களக்' என்று மறுபக்கம் போய்ச் சேர்ந்ததும் நிமிர்த்தினால் அது ஒரு கவிழ்ப்பு. 10 நொடிக்கு 4 கவிழ்ப்பு. அதற்கு மேல் ஓடினால் வேகம் தப்பு. முடிந்ததும் டாங்கின் அடியை மேசையில் இரண்டு தட்டு தட்டினால் குமிழி விடும். பிறகு அடுத்த நிமிடம் தொடங்கும்வரை தொடாமல் வைக்க வேண்டும். எண்ண முடிகிற பெயராக இருப்பதுதான் இதில் நன்மை. 'நன்றாகக் கலக்கவும்' என்றால் எத்தனை?

கடைசித் தண்ணீர்ப் படிக்கு 'கழுவல்' வேண்டாம், அலசல். சோப்பு போட்டபின் துணியை அலசுகிறோமே, அதே வேலை. அலசலையும் கவிழ்ப்பால் எண்ணலாம்: தண்ணீர் நிரப்பி 5 கவிழ்ப்பு, கொட்டு, மறுபடி நிரப்பி 10, கொட்டு, மறுபடி 20, கொட்டு. குழாயை அரை மணி நேரம் திறந்துவிட வேண்டியதில்லை. இந்தக் கணக்கு பிலிமை இறுக்கும் மருந்து சேராத நிலைப்பிக்கு மட்டும்.

கடலோரத்துக் கிணற்று நீர் உப்பு. காய்ந்ததும் பிலிமில் வெள்ளைத் திட்டு விழும், பிரிண்டிலும் ஸ்கேனிலும் அப்படியே தெரியும். கடைசி ஒரு முக்கு மட்டும் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரில். விரலால் வழிக்காதீர்கள், ஈர ஜெலட்டின் நகம் பட்டாலே கீறும்.

தக்கலையிலிருந்து

குளச்சல் தம்பி சொன்ன கவிழ்ப்புக்கு மறுபேச்சில்லை. வெப்பத்தையும் தாளில் சேர்க்க வேண்டும். வெளிநாட்டு அட்டவணை எல்லாம் 20 டிகிரிக்கு. மேல்தொட்டித் தண்ணீர் இங்கே சித்திரையில் 30ஐத் தொடும். இல்ஃபோர்டு ஹெச்பி5 பிளஸ் பிலிமுக்கு, ஐடி-11 துலக்கியை நீர் சேர்க்காமல் ஊற்றினால் 20 டிகிரியில் 7½ நிமிடம். டிகிரிக்குப் பத்தில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டே போனால் 28 டிகிரியில் மூன்றேகால் நிமிடம்தான் வரும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் ஊற்றும் நேரமும் கொட்டும் நேரமுமே படத்தில் திட்டாகத் தெரியும். ஆகவே சமபங்கு நீர் சேர்த்த துலக்கி: 20 டிகிரியில் 13 நிமிடம், 24இல் ஏறக்குறைய எட்டரை. பக்கெட்டில் ஐஸ் போட்டுக் குப்பிகளை உட்கார வைத்தால் 24 எட்டக்கூடியது. எல்லாக் குப்பியும் அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும்.

நீர்ப்பங்கு எழுதும்போது கூட்டல் குறி மட்டும் போடுங்கள். 1+4 என்றால் ஒன்றோடு நாலு, மொத்தம் ஐந்து பங்கு. 300 மி.லி. வேண்டுமானால் நிலைப்பி 60, தண்ணீர் 240. 'நாலில் ஒன்று' என்று படித்து 75 ஊற்றுகிறவர்கள் நிறைய.

வடசேரியிலிருந்து

இதுவரை ஒத்துக்கொண்டதை வைத்துத் தாளின் நடுப்பகுதியை எழுதிப் பார்த்தேன்:

"துலக்கி 150 மி.லி., தண்ணீர் 150 மி.லி., 24 டிகிரி. ஊற்றியதும் கடிகாரம். முதல் 10 நொடியில் 4 கவிழ்ப்பு, இரண்டு தட்டு. பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 4 கவிழ்ப்பு. எட்டரை நிமிடத்துக்கு 10 நொடி முன்பே கொட்டத் தொடங்கு. இந்தத் துலக்கியைத் திரும்ப வைக்காதே. நிறுத்துநீர் 10 நொடி. நிலைப்பி 1+4, தெளிநேரத்தின் இரு மடங்கு. இதைக் குப்பியில் திரும்ப ஊற்று. அலசல் 5, 10, 20. வடிநீரில் ஒரு முக்கு. கீழ்முனையில் கிளிப் மாட்டி, விசிறி இல்லாத அறையில் தொங்கவிடு."

மிச்சம் ஒரு சொல் கேட்கிறேன். மழைக்காலத்தில் கறுப்புப் பைக்குள் கை வியர்த்து, பிளாஸ்டிக் ரீலில் பிலிம் பாதியில் இறுகிக்கொள்கிறதே, அதற்கு? 'சிக்குதல்' என்றால் நூல் சிக்குவதுபோல இருக்கிறது.

கோட்டாறிலிருந்து

பிடிச்சுக்கிடுதுன்னு எழுதுங்க, எல்லாருக்கும் புரியும். இழுத்துப் பறிச்சா பிலிம் மடிஞ்சு பிறை மாதிரி தழும்பு விழும், அதயும் எழுதணும். பிலிமயும் ரீலயும் அப்படியே டாங்குக்குள்ள போட்டு, நடுக்குழலையும் வச்சு மூடிட்டு, கைய வெளிய எடுத்துத் தொடச்சு, பைக்குள்ள இருக்குத ஈரக்காத்து போனப்பொறவு திரும்ப ஏத்தச் சொல்லுங்க. ரீல் நல்லா காஞ்சிருக்கணும், முந்தின ரோலுக்கு அலசுன ஈரம் இருந்தாலும் பிடிக்கும்.

துலக்கல்னே போடுங்க மக்கா. ஆனா தாளுக்கு மேல தலைப்பு 'பிலிம் கழுவுதது எப்படி'ன்னு இருக்கணும்.

வடசேரியிலிருந்து

தலைப்பு அண்ணாச்சி சொன்னபடியே. 'கழுவுதது' என்பதை மட்டும் 'கழுவுவது' ஆக்குகிறேன், மதுரைக்காரர்களும் படிப்பார்கள்.

கோட்டாறிலிருந்து

அவங்களுக்கும் வெட்டம்னா என்னன்னு ஒரு வரி போட்டிருங்க.