பதினொன்றாம் வகுப்பில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்வது படிப்பைப் பாதிக்குமா?

கேள்வி – ஒரு தாய், தஞ்சாவூர் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். என் மகன் அரசு மேல்நிலைப் பள்ளியில் இந்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பு கணிதப் பிரிவில் சேர்ந்திருக்கிறான். எங்களைக் கேட்காமலேயே நாட்டு நலப்பணித் திட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டான். காலாண்டு விடுமுறையில் 7 நாள் கிராமத்தில் தங்கி முகாம் நடக்குமாம். அந்த நாட்களில் இயற்பியலைப் படிக்கலாமே என்கிறார் என் கணவர். பொறியியல் கலந்தாய்வில் இந்தச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டா? இதற்கு முன் அவன் இருந்த மன்றத்தில் சந்தா கட்டியதைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை என்பதால்தான் எனக்கும் தயக்கமாக இருக்கிறது.

பதில் 1 – ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர், முன்னாள் திட்ட அலுவலர்

அம்மா, முதலில் கலந்தாய்வைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தரவரிசைக்குரிய 200 மதிப்பெண்ணில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்பதே கணக்கு. விளையாட்டு வீரர்களுக்கும், முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும் சிறப்பு ஒதுக்கீடு உண்டே தவிர, நாட்டு நலப்பணித் திட்டத்துக்கென்று தனி இடம் இல்லை. ஆகவே சான்றிதழை நினைத்து அவனை அனுப்ப வேண்டாம்.

ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம், அதோடு ஒரு சிறப்பு முகாம் என்பதே திட்டம் கேட்கும் உழைப்பு. பள்ளி நடக்கும் வாரங்களுக்குப் பகிர்ந்தால் வாரம் ஏறத்தாழ 3 மணி நேரம்தான் வரும். காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டு, பின்னரே மேல்நிலைப் பள்ளிகளுக்கு வந்த திட்டம் இது. கல்லூரி மாணவரிடம் எதிர்பார்க்கப்படும் பொறுப்பு பதினாறு வயதுப் பிள்ளையின் கைக்கு வருகிறது என்பதுதான் இதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஒரு முகாமில் எழுத்தறிவுக் கணக்கெடுப்புக்காக மாணவர்களை வீடு வீடாக அனுப்பினேன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி முதல் வீட்டில், "உங்கள் வீட்டில் எத்தனை பேருக்குப் படிக்கத் தெரியாது?" என்று கேட்க, அந்த அம்மையார் முகம் சுருங்கி உள்ளே போய்விட்டார். மாணவி திண்ணையிலேயே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வீட்டில், "கடிதம் வந்தால் உங்கள் வீட்டில் யார் படித்துச் சொல்வார்கள், அம்மா?" என்று அவளாகவே கேள்வியை மாற்றிக்கொண்டாள். அதன்பின் ஒரு வீட்டிலும் பதில் கிடைக்காமல் போகவில்லை. அப்படிக் கேட்கும்படி நான் அவளுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

பதில் 2 – முன்னாள் தொண்டர், பொறியியல் மாணவர்

முகாமுக்குப் பின் வந்த தேர்வில் எனக்கு வேதியியலில் மதிப்பெண் குறைந்தது உண்மை. விட்ட பாடத்தை அரையாண்டுத் தேர்வுக்குள் பிடித்துவிட்டேன். முகாமில் சமையல் கணக்கு என் பொறுப்பில் இருந்தது. 25 பேருக்கு அரிசி எவ்வளவு போடுவது என்று தெரியாமல், முதல் நாள் இரவு சோறு போதாமல் போனது. மறுநாள் காலையில் ஊர்க்காரர் ஒருவர் படியால் அளந்து காட்டினார். அன்றிலிருந்து வாங்கியது, செலவானது, மிஞ்சியது என மூன்று பத்தி போட்டு எழுதினேன். கல்லூரி விழாக்களில் இன்றும் அப்படித்தான் கணக்கு எழுதுகிறேன்.

பதில் 3 – ஒரு தந்தை

எல்லாப் பள்ளிகளிலும் இப்படி நடப்பதில்லை. என் மகளின் பள்ளியில், அதிகாரிகள் வரும் முன் மைதானத்தைப் பெருக்குவதற்கு மட்டுமே தொண்டர்களை அழைத்தார்கள். ஆகவே சென்ற ஆண்டு மாணவர்களின் பணி நாட்குறிப்பைக் காட்டச் சொல்லுங்கள். தேதிவாரியாக என்ன செய்தார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். எல்லாப் பக்கங்களும் ஒரே கையெழுத்தில் இருந்தால், பிள்ளையை வேறு மன்றத்தில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. திங்கட்கிழமை பள்ளிக்குச் சென்று நாட்குறிப்பைப் பார்க்கிறோம். கணவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். முகாமில் இரவு தங்குவதைப் பற்றி என்ன கேட்க வேண்டும், ஐயா?

பதில் 1

எங்கே தங்குகிறார்கள், இரவில் உடன் இருக்கும் ஆசிரியர்கள் யார், குடிநீரும் கழிப்பறையும் எப்படி, அருகில் ஆரம்ப சுகாதார நிலையம் எவ்வளவு தொலைவு என்று கேளுங்கள். ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திடும் முன் அந்த ஊருக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து வாருங்கள். என் முகாம்களுக்கு அப்படி வந்த பெற்றோரை நான் வரவேற்கவே செய்தேன்.