புதுப்பிப்பு: சரிவில் நகர்ந்த லாரி, கூடவே திருட்டுப் பயம்

பார்க்கிங் பிரேக் போட்டும் சுமையேற்றிய லாரி சரிவில் மெல்ல நகர்ந்ததைச் சென்ற முறை எழுதியிருந்தேன். வால்வுதான் பழுது என்று அடித்துச் சொன்னேன். தவறு என்னுடையது.

ஏர் பிரேக் லாரியை நிறுத்தி வைப்பது காற்று அல்ல, பின் சக்கரங்களின் பிரேக் அறைகளில் இருக்கும் ஸ்பிரிங். காற்று அதை விலக்கி வைக்க மட்டுமே. பிரேக்கின் இடைவெளியைச் சரியாக வைக்கும் நெம்புகோலான ஸ்லாக் அட்ஜஸ்டர் தளர்ந்திருந்ததால், ஸ்பிரிங்கின் விசையை அதற்குக் கொண்டுபோகும் தள்ளுதண்டு அளவுக்கு மீறி வெளியே வந்தது. ஸ்பிரிங் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு வலு குறையும். சரிசெய்த பிறகு அதே சரிவில், அதே சுமையுடன் அசையவில்லை. ஐ.நா.வின் 13ஆம் விதிமுறை, முழுச் சுமையுடன் 18 விழுக்காட்டுச் சரிவில் நிற்க வேண்டும் என்கிறது. டிரெய்லர் இணைத்து, முன்வண்டியின் பிரேக்கை மட்டும் நம்பினால் 12. எப்படியிருந்தாலும் சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் நான் இறங்குவதில்லை.

திருட்டுக்கும் இதே ஸ்பிரிங் உதவுகிறது. இரவில் காற்றுத் தொட்டிகளை வடித்துவிடுகிறேன். தேங்கிய தண்ணீரும் போய்விடும். திருடன் எஞ்சினைக் கிளப்பினாலும் காற்றழுத்தம் ஏறி ஸ்பிரிங் விலகும்வரை சத்தத்துடன் காத்திருக்க வேண்டும். சில நிமிடங்கள்தான், ஆனால் அவனுக்கு அது நீண்ட நேரம். மறைவாக ஒரு எரிபொருள் நிறுத்த சுவிட்சும் பொருத்தினேன். எங்கே என்று கேட்காதீர்கள்!

ஸ்டியரிங் பூட்டு இன்னும் வாங்கவில்லை.