நிக்கல் இறங்க மாட்டேங்குது, அவசரம்

ஷிப்ட்_பி: வணக்கம். பிளேட்டிங் (உலோக முலாம்) கழிவுநீர், காஸ்டிக் (சோடியம் ஹைட்ராக்சைடு) போட்டு நிக்கலை படிய வெச்சு, துகள் ஒண்ணா சேர பாலிமர் போட்டு செட்டில் பண்றோம், மேல தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு ஆனா ரிப்போர்ட்ல நிக்கல் 6ன்னு வருது, போன மாசம் வரைக்கும் 1க்கு கீழதான். பாலிமர் டோஸ் ஏத்தியும் பாத்தாச்சு. நாளைக்கு மறுபடி சாம்பிள் எடுக்கணும், சீக்கிரம் சொல்லுங்க

லேப்மேஜை: பிஎச் எவ்வளவுல வைக்கறீங்க? 6ங்கறது லிட்டருக்கு மில்லிகிராமா? சாம்பிளை ஃபில்டர் பண்ணி கொடுத்தீங்களா?

ரெசின்_ராஜா: எதுக்கு இவ்வளவு பாடு, கடைசியில உலோகத்தை புடிச்சு வெக்கற கீலேட்டிங் ரெசின் நிரப்பின ஒரு குழாய் (column) போடுங்க, எங்க பிளான்ட்ல அப்பறம் பிரச்சனையே இல்ல.

பழைய_கெமிஸ்ட்: பிஎச் சொல்லாம நிக்கல் இறங்கலன்னு கேக்கறது காய்ச்சல் எவ்வளவுன்னு சொல்லாம மருந்து கேக்கற மாதிரி. மாசம் ஒருத்தர் இதே கேள்வியோட வர்றாங்க, பழைய இழையெல்லாம் யாரும் படிக்கறதில்ல. நிக்கல் ஹைட்ராக்சைடு நல்லா படியணும்னா பிஎச் 10 தாண்டணும்.

ஷிப்ட்_பி: சாரி. பிஎச் 9. மில்லிகிராம்தான். ஃபில்டர் பண்ணல

லேப்மேஜை: குரோம் பிளேட்டிங் லைன் தண்ணியும் அதே டேங்க்ல விழுதா? விழுந்தா சும்மா 10க்கு ஏத்திடாதீங்க. மூணு வேலன்ஸ் குரோமியம் 8 பக்கத்துல நல்லா படியும், ரொம்ப ஏத்துனா திரும்ப கரைய ஆரம்பிக்கும். ஆறு வேலன்ஸ்னா பிஎச் ஏத்தி பிரயோஜனமே இல்ல, முதல்ல பிஎச் 2-3ல மெட்டாபைசல்ஃபைட் போட்டு மூணு வேலன்ஸா ரெட்யூஸ் பண்ணணும்.

சுண்ணாம்புக்கட்சி: காஸ்டிக்க விட்டு சுண்ணாம்புக்கு மாறுங்க, சகதி கனமா உக்காரும்.

ரெசின்_ராஜா: அந்த சகதியை யாரு அள்ளறது? காஸ்டிக்ல வர்றத விட ரொம்ப அதிகம்.

சுண்ணாம்புக்கட்சி: காஸ்டிக் சகதி ஜெல்லி மாதிரி, ஃபில்டர் பிரஸ்ல தண்ணியே விடாது. நான் கையால சொரண்டி எடுத்தவன், எனக்கு தெரியும்.

லேப்மேஜை: அந்த சண்டைய அப்பறம் வெச்சுக்கலாம். ஷிப்ட்_பி, மேல தண்ணி தெளிவா இருக்குன்னு சொல்றீங்க, அப்போ படிஞ்சது வெளிய போகல, நிக்கல் கரைஞ்சுதான் நிக்குதுன்னு நினைக்கிறேன். ஒரு பீக்கர்ல பிஎச் 10.5க்கு ஏத்தி, அரை மணி நேரம் விட்டு, 0.45 மைக்ரான் ஃபில்டர்ல வடிச்சு டெஸ்ட் பண்ணுங்க. இறங்கிட்டா பிஎச்தான் காரணம். இறங்கலன்னா ஏதோ ஒண்ணு நிக்கலை புடிச்சு வெச்சிருக்கு, அம்மோனியாவோ சிட்ரேட்டோ ஈடிடிஏவோ. எலக்ட்ரோலெஸ் நிக்கல் (கரண்ட் இல்லாம முலாம் பூசறது) ஏதாவது புதுசா ஆரம்பிச்சீங்களா? அந்த கரைசல்ல இந்த மாதிரி புடிச்சு வெக்கறது இருக்கும். ஈடிடிஏ மாதிரி இறுக்கமா புடிச்சிருந்தா ரெசினும் பெருசா உதவாது ராஜா.

பழைய_கெமிஸ்ட்: சோடியம் சல்ஃபைடு போட்டா அப்படி புடிபட்ட நிக்கலையும் பல சமயம் படிய வெக்கலாம்.

லேப்மேஜை: ஆசிட் பக்கம் போயிட்டா ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும், ஆளையே கொல்லும். அவசரத்துல இருக்கறவர்கிட்ட தயவு செஞ்சு அத முதல்ல சொல்லாதீங்க.

பழைய_கெமிஸ்ட்: பிஎச் 8க்கு மேலயே வெச்சு செய்யணும்னு தெரியாமலா சொன்னேன்? ஆனா சரி, எழுதியிருக்கணும்.

ஷிப்ட்_பி: பீக்கர்ல 10.5 வெச்சு வடிச்சும் 5.2. விசாரிச்சா போன மாசம்தான் எலக்ட்ரோலெஸ் டேங்க் வந்திருக்கு, அலசற தண்ணி நேரா இதுலதான் விழுந்துட்டு இருந்துச்சு. அந்த பைப்ப பிரிச்சு தனி டிரம்ல விட்டாச்சு, இன்னைக்கு பேட்ச் 10.2ல வெச்சோம், 0.8. ரொம்ப நன்றி

லேப்மேஜை: சந்தோஷம். டிரம்ல சேர்றத என்ன பண்ணப் போறீங்க? அது நிரம்பறதுக்குள்ள ஒரு வழி வேணும்.

சுண்ணாம்புக்கட்சி: சிட்ரேட்னா சுண்ணாம்புல இருக்கற கால்சியம் கொஞ்சம் உதவும், டிரம் தண்ணிய பீக்கர்ல போட்டு பாருங்க. ஷிப்ட்_பி, இருக்கீங்களா?