மூன்று மோனோமரை ஒன்றாகப் போட்டால் பிலிம் ஏன் இரண்டுபடுகிறது?

குடந்தைப்_பையன்:
கும்பகோணம் பக்கம் பைண்டர் (பிணைக்கும் பசை) தயாரிக்கும் சின்ன யூனிட்டில், லேபில் இருக்கிறேன். மோனோமர்கள், அதாவது பாலிமர் சங்கிலியாகக் கோக்கப்படும் சிறு மூலக்கூறுகள், எடையில் இப்படி: வினைல் அசிட்டேட் 80, பியூட்டைல் அக்ரிலேட் 18, அக்ரிலிக் அமிலம் 2. எல்லாவற்றையும் முதலிலேயே கொட்டி, வினையைத் தொடங்கிவைக்கும் பெர்சல்பேட் போட்டு 70 டிகிரியில் எமல்ஷனாக (தண்ணீரில் பால்போலக் கலந்து) ஓட்டினேன். ஆரம்பத்தில் எடுத்த சாம்பிளைக் கண்ணாடியில் இழுத்துக் காயவைத்தால் விரலில் ஒட்டுகிறது. கடைசி சாம்பிள் மங்கலாக இருக்கிறது, மடக்கினால் வெடிக்கிறது. மூன்றின் வேகத்துக்கும் சராசரி எடுத்துக் கணக்குப் போட்டேன், ஒத்துவரவில்லை.

வெண்ணாற்றங்கரை:
80 டிகிரிக்கு ஏற்றிப் பாருங்கள், எல்லாம் கலந்துவிடும்.

மன்னார்குடி_பழைய_கை:
80 வேண்டாம் தம்பி. வினைல் அசிட்டேட் 72-73லேயே கொதிக்கும், கண்டென்சர்தான் திணறும்.

சராசரி இங்கே உதவாது. வளரும் சங்கிலி நுனியில் எந்த ரேடிக்கல் (அடுத்த மோனோமரைப் பிடிக்கும் வினைமுனை) நிற்கிறதோ, அது எதைச் சேர்த்துக்கொள்ளும் என்பதுதான் கணக்கு. அசிட்டேட்-அக்ரிலேட் ஜோடியில் நுனி எதுவானாலும் அக்ரிலேட்டைத்தான் பிடிக்கும். வினைதிறன் விகிதம் என்பது நுனி தன் வகையைச் சேர்க்கும் வேகம் மற்றதைச் சேர்க்கும் வேகத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது. அக்ரிலேட்டுடையதை 6, அசிட்டேட்டுடையதை 0.03 என்று தோராயமாக வைத்து, கலவையிலிருந்து பாலிமரின் விகிதத்தைச் சொல்லும் மேயோ-லூயிஸ் சமன்பாட்டில் போடுங்கள். அமிலத்தை விட்டுவிட்டால் உங்கள் கலவையில் அக்ரிலேட் 13 மோல் சதவீதம்தான் (எடையில் அல்ல, மூலக்கூறு எண்ணிக்கையில்). ஆனால் முதலில் பிறக்கும் பாலிமரில் அது 60க்குப் பக்கம் வரும். ஒட்டியது அதனால்தான். அது தீர்ந்தபின் மிச்சம் கிட்டத்தட்ட வெறும் பாலிவினைல் அசிட்டேட், 30 டிகிரிக்குப் பக்கத்தில் இறுகிவிடும் சரக்கு. ஒன்றோடு ஒன்று சேராததால் மங்கலும் வெடிப்பும்.

மோனோமரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பத்தில் ஒரு பங்கை முதலில் போட்டு விதை பிடிக்கவைத்து, மீதியை மூன்று நான்கு மணி நேரத்தில் ஊட்டுங்கள். கடைமடை வயல் வந்த தண்ணீரை வந்தவுடன் குடிப்பதுபோல, விழுந்தது உடனே தீர வேண்டும். தேங்க விடாவிட்டால் ஊட்டும் விகிதமே பாலிமரின் விகிதமாகிவிடும். ஊட்டும்போது சாம்பிள் எடுத்து, அதுவரை விட்டதில் 90 சதவீதத்துக்கு மேல் பாலிமராக மாறியிருக்கிறதா பாருங்கள். குறைந்தால் வேகத்தைக் குறையுங்கள். கரண்ட் போய்க் கலக்கி நின்றால் முதல் வேலை ஊட்டலை மூடுவது.

குடந்தைப்_பையன்:
நன்றி ஐயா. மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போடலாமா?

மன்னார்குடி_பழைய_கை:
போடலாம். அதற்கு ஆல்ஃப்ரே-கோல்ட்ஃபிங்கர் சமன்பாடு இருக்கிறது, மேயோ-லூயிஸ் போலவே அதுவும் 1944தான். ஜோடிக்கு இரண்டாக 6 விகிதங்கள் வேண்டும். நான்கு மோனோமர் என்றால் 12. ஆனால் எமல்ஷனில் அக்ரிலிக் அமிலம் பெரும்பாலும் தண்ணீரில் கிடக்கும், பிஹெச் மாறினால் அதன் குணமும் மாறும். அதனால் அமிலத்தைக் கணக்கில் துரத்தாமல் இரண்டுக்கு மட்டும் போடுங்கள், போதும்.

அப்புறம், அந்த ரியாக்டரில் முன்பு ஸ்டைரீன் சரக்கு ஓடியதா? கொஞ்சம் ஸ்டைரீன் மிச்சமிருந்தாலும் வினைல் அசிட்டேட் படுத்துவிடும். அசிட்டேட் ரேடிக்கல் ஸ்டைரீனைக் கண்டால் விடாது. பிடித்தபின் நுனியில் நிற்கும் ஸ்டைரீன் ரேடிக்கலோ அசிட்டேட்டைத் திரும்பியே பார்க்காது. பைப்லைன், டிராப்பிங் டேங்க் எல்லாம் கழுவிவிட்டே ஆரம்பியுங்கள்.

குடந்தைப்_பையன்:
போன வாரம் ஸ்டைரீன்-அக்ரிலிக்தான் ஓடியது. திங்கட்கிழமை கழுவச் சொல்கிறேன்.